காரில் உட்கார்ந்து வந்தவர் செய்த குற்றம் என்ன?

வெள்ளிக்கிழமை மாலை ஆனால் ஓசூர் ரோட்டில் ஊசி நுழைய இடம் இருப்பது இல்லை. மடிவாளா, பொம்மனஹள்ளி, எலெக்ட்ரானிக் சிட்டி என்று வழி நெடுக மூட்டை முடிச்சுகளோடு தமிழர்கள் நிற்கிறார்கள். ரயிலில் இடம் இல்லை. பண்டிகை நாட்களில் ஆம்னி பஸ்காரர்கள் கேட்கிற கட்டணம் கூலிக்காரருக்குக் கட்டுபடி ஆவது இல்லை. ஆகவே நாலைந்து பேர் சேர்ந்து ஒரு காரைப் பிடித்துக் கொண்டு கிளம்புகிறார்கள். மைத்துனரின் கார், மேஸ்திரியின் கார், பக்கத்து வீட்டுக்காரரின் கார், எதுவானாலும் சரி. பெட்ரோலுக்கு ஆளுக்குக் கொஞ்சம் போட்டால் விடிவதற்குள் ஊர் போய்ச் சேரலாம்.

போய்ச் சேராதவர்களும் உண்டு. கிருஷ்ணகிரி தாண்டி, தர்மபுரி தாண்டி, தொப்பூர் கணவாய்ச் சரிவில் இறங்கும்போது டயர் வெடிக்கிறது. அல்லது மாடு ஒன்று குறுக்கே வந்து விடுகிறது. கார் தடுப்புச் சுவரில் மோதி உருள்கிறது. ஓட்டியவர் சிராய்ப்போடு தப்பி விடுகிறார். பக்கத்து சீட்டில் தூங்கிக் கொண்டு வந்தவருக்குக் கால் போகிறது. போலீசார் வருகிறார்கள், கிரேன் வருகிறது, நொறுங்கிய கார் ஓரமாகப் போகிறது. ஒரு மணி நேரத்தில் ரோடு பழையபடி ஓடத் தொடங்கி விடுகிறது. கால் போனவர் மட்டும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறார்.

பார்க்க வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "யார் மேல் தப்பு?" என்பதுதான். டிரைவர் குடிக்கவில்லை. வேகமாகவும் போகவில்லை. எதிரே வண்டியும் வரவில்லை. "யார் மேலும் தப்பு இல்லை, எல்லாம் தலையெழுத்து" என்று சொல்லி ஆரஞ்சுப் பழத்தை வைத்து விட்டு அவர்கள் போய் விடுகிறார்கள். யார் மேலும் தப்பு இல்லை என்றால் யாரிடமும் பணம் கேட்க முடியாது என்று அந்தக் குடும்பமும் நம்பி விடுகிறது. இந்த நம்பிக்கை தவறு. எத்தனையோ குடும்பங்கள் இதனால் கடனாளி ஆகின்றன.

சட்டம் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஓட்டியவரின் கவனக்குறைவை நிரூபித்தால்தான் நஷ்ட ஈடு என்று 1977-ம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. அதே ஆண்டில் இன்னொரு வழக்கில், காரில் போனவர் இறந்த விஷயத்தில், அதே கோர்ட்டு வேறு ஒரு வழியைக் காட்டியது. அந்தக் கார் ரோட்டின் வலது புறத்து மரத்தில் போய் மோதி இருந்தது. பார்த்த சாட்சி இல்லை. ஒழுங்காக ஓட்டினால் கார் அங்கே போய் மோதாது; விபத்தே தவறைச் சொல்லுகிறது; தவறு இல்லை என்று காட்ட வேண்டியது கார்க்காரர் பொறுப்பு என்று நீதிபதிகள் சொன்னார்கள். காரில் உட்கார்ந்து வருகிறவருக்கு இன்றைக்கும் கை கொடுக்கும் தீர்ப்பு அது.

ஆனாலும் எல்லா ஏழைகளும் டெல்லி வரை போய்த் தீர்ப்பு வாங்க முடியாது. 1982-ல் பார்லிமெண்டு சட்டத்தைத் திருத்தியது. தப்பு யாருடையது என்று கேட்காமலே, இறந்தால் ரூ.15 ஆயிரம், நிரந்தர ஊனம் ஆனால் ரூ.7,500 கொடுக்க வேண்டும் என்று விதித்தது. 1988-ம் ஆண்டுச் சட்டம் இதை ரூ.25 ஆயிரம், ரூ.12 ஆயிரம் என்று உயர்த்தியது. 1994-ல் அது ரூ.50 ஆயிரம், ரூ.25 ஆயிரம் ஆனது. தொகை சிறிதுதான். ஆனால் அந்த ஏற்பாட்டில் ஒரு நியாயம் இருந்தது. அந்தப் பணத்தை முதலில் வாங்கிக் கொண்டு, டிரைவர் மேல் தப்பு இருந்தால் மீதிக்கு வழக்காடலாம். பசித்தவனுக்கு முதலில் கஞ்சி, பிறகு கணக்கு என்ற முறை.

டயர் வெடிப்பதைப் பற்றியே 2001-ல் ஒரு தீர்ப்பு வந்தது. ஒரு ஜீப்பின் முன் டயர் வெடித்து, வண்டி கவிழ்ந்து, ரோட்டில் நடந்து போனவர் இறந்தார். டிரைவர் மேல் தவறு இல்லை என்று சொல்லி டிரிபியூனலும் ஐகோர்ட்டும் கைவிட்ட குடும்பத்துக்கு சுப்ரீம் கோர்ட்டு நஷ்ட ஈடு வாங்கிக் கொடுத்தது. ஆபத்தான பொருளை ரோட்டில் ஓட விடுகிறவர், தவறே செய்யாவிட்டாலும் அதனால் வருகிற கேட்டுக்குப் பொறுப்பு என்பது அதன் சாரம்.

இப்போது நடப்பில் இருப்பது 2019-ல் திருத்தப்பட்டு 2022 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த சட்டம். அதன் 164-வது பிரிவுதான் தப்புக் கேட்காத பிரிவு. இறந்தால் ரூ.5 லட்சம். பலத்த காயம், அதாவது சட்டம் 'கொடுங்காயம்' என்று சொல்லுகிற காயம் பட்டால் ரூ.2½ லட்சம். கார் சொந்தக்காரரோ அவருடைய இன்சூரன்ஸ் கம்பெனியோ கொடுக்க வேண்டும். யார் தவறு என்று மனுவில் எழுதவும் வேண்டியது இல்லை; நிரூபிக்கவும் வேண்டியது இல்லை.

இந்தப் பிரிவால் ஒரு பெரிய சங்கடம் தீர்கிறது. காரை ஓட்டியவர் வேற்று ஆளாக இருந்தால் கேஸ் போட யாரும் தயங்குவது இல்லை. ஓட்டியது வீட்டு மாப்பிள்ளையாக இருந்தால்? "மச்சான், நீங்கள் கவனமில்லாமல் ஓட்டினீர்கள்" என்று கோர்ட்டில் போய்ச் சொல்ல எந்த மைத்துனருக்கு மனம் வரும்? அக்காள் வாழ்க்கை என்ன ஆவது என்ற பயத்தில் காலைப் பறிகொடுத்தவர் வாயை மூடிக் கொள்கிறார். 164-வது பிரிவில் மாப்பிள்ளையைக் குற்றம் சொல்ல வேண்டியதே இல்லை. குற்றம் சொல்ல வேண்டிய 166-வது பிரிவு வழக்கிலும், காருக்கு முறையான இன்சூரன்ஸ் இருந்தால் மாப்பிள்ளையின் சட்டைப் பையிலிருந்து பணம் போவது இல்லை, கம்பெனி கொடுக்கிறது. ஆண்டுதோறும் பிரீமியம் கட்டியது இதற்காகத்தான். இதைக் குடும்பப் பெரியவர்கள் இரு தரப்புக்கும் எடுத்துச் சொன்னால் பாதி மனத்தாங்கல் தீர்ந்து விடும்.

ஆனால் 164-வது பிரிவில் ஒரு கண்ணி இருக்கிறது. முன்பு போல, முதலில் இதை வாங்கிக் கொண்டு பிறகு மீதிக்குப் போராட இடம் இல்லை. இன்சூரன்ஸ் கம்பெனி தகவல் கிடைத்த 30 நாட்களுக்குள் ஒரு தொகை தர முன் வர வேண்டும் என்று 149-வது பிரிவு சொல்லுகிறது. அந்த முறையில் 164-வது பிரிவுப் பணத்தை ஒருவர் ஒப்புக்கொண்டு வாங்கினால், 166-வது பிரிவில் அவர் போட்ட வழக்கு அத்தோடு முடிந்து போகும். ஆஸ்பத்திரி பில் கழுத்தை நெரிக்கிற நேரத்தில் ரூ.2½ லட்சம் என்றால் யாருக்குத்தான் கை நீளாது? கையெழுத்துப் போட்ட பிறகுதான் எதை விற்றோம் என்று தெரியும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 32 வயதான தச்சர் ஒருவர், மாதம் ரூ.18 ஆயிரம் சம்பாதிக்கிறார் என்று வைத்துக் கொள்வோம். விபத்தில் கை ஊனமாகி, சம்பாதிக்கும் சக்தியில் பாதி போய் விட்டது. ஆண்டு வருமானம் ரூ.2 லட்சத்து 16 ஆயிரம். அதில் பாதி ரூ.1 லட்சத்து 8 ஆயிரம். அவருடைய வயதுக்கு 2009-ல் சுப்ரீம் கோர்ட்டு வகுத்த பெருக்கு எண் 16. பெருக்கினால் ரூ.17 லட்சத்து 28 ஆயிரம். வைத்தியச் செலவு, வலி வேதனைக்கான தொகை, எதிர்கால வருமான உயர்வு எல்லாம் இதற்கு மேல். இது 166-வது பிரிவின் வழி. 164-ல் அவருக்குக் கிடைப்பது ரூ.2½ லட்சம்.

ஊனத்தை டாக்டர் எழுதிக் கொடுக்கிற சதவீதத்தோடு விட்டு விடக் கூடாது என்றும் 2010-ல் ஒரு தீர்ப்பு வந்தது. இடது கை போனால் டிரைவருக்கும் தச்சருக்கும் பிழைப்பே போய் விடுகிறது; அதே கை போன குமாஸ்தா வேலையில் தொடரலாம். ஆகவே ஆளின் தொழிலைப் பார்த்துத்தான் நஷ்டத்தை அளக்க வேண்டும் என்பது அதன் கருத்து. பெங்களூரில் தமிழர்கள் செய்கிற வேலைகளை எண்ணிப் பார்த்தால் இந்தத் தீர்ப்பின் அருமை தெரியும். சாரம் கட்டுகிறவர், மார்பிள் பதிக்கிறவர், பூ தொடுக்கிறவர், சுமை தூக்குகிறவர் எல்லாருக்கும் கை காலே மூலதனம்.

இதற்கு நேர் எதிராக இருக்கிறது 164-வது பிரிவு. எலும்பு முறிந்தாலும் கொடுங்காயம். பல் விழுந்தாலும் கொடுங்காயம். இரண்டு கண்ணும் போனாலும் அதே கொடுங்காயம். எல்லாவற்றுக்கும் ஒரே ரூ.2½ லட்சம். இதற்கு முன்பு, 2018 மே மாதத்தில் மத்திய அரசு போட்ட அட்டவணை இவ்வளவு மோசமாக இல்லை. நிரந்தர ஊனத்துக்கு ரூ.5 லட்சத்தில் ஊனத்தின் சதவீதம், சிறு காயத்துக்கு ரூ.25 ஆயிரம் என்று அதில் படிகள் இருந்தன. 2019 ஜனவரி முதல் ஆண்டுக்கு 5 சதவீதம் தானாக உயரும் என்றும் இருந்தது. புதிய பிரிவில் சிறு காயத்துக்கு ஒன்றும் இல்லை. ஆண்டு உயர்வும் இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டணமும் மாத்திரை விலையும் அதே இடத்திலா நிற்கின்றன?

ரயிலோடு ஒப்பிட்டால் கோளாறு இன்னும் நன்றாகத் தெரியும். ரயிலிலிருந்து பயணி தவறி விழுந்தால், ரயில்வே மேல் தப்பு உண்டா இல்லையா என்று பார்க்காமல் நஷ்ட ஈடு தர வேண்டும் என்று ரயில்வே சட்டத்தின் 124-ஏ பிரிவு சொல்லுகிறது. 2017 ஜனவரி 1 முதல் இறந்தவர் குடும்பத்துக்கு ரூ.8 லட்சம். காயங்களுக்கோ தனியாக ஒரு நீண்ட அட்டவணையே இருக்கிறது. இரண்டு கை போனால் இவ்வளவு, ஒரு கை போனால் இவ்வளவு, விரல் போனால் இவ்வளவு என்று இறங்கு வரிசையில் தொகைகள் போட்டிருக்கிறார்கள். மனுப் போட ஓர் ஆண்டு அவகாசம். தக்க காரணம் காட்டினால் அதற்குப் பிறகும் ஏற்றுக் கொள்ளலாம். ஓசூர் வழியாக ரயிலில் போகிறவருக்கு ஒரு நியாயம், அதே ஓசூர் வழியாகக் காரில் போகிறவருக்கு வேறு நியாயமா? இரண்டு சட்டமும் ஒரே பார்லிமெண்டில் பிறந்தவைதான்.

அவகாசம் என்றதும் ஆறு மாத விஷயத்தைச் சொல்ல வேண்டும். 2022 ஏப்ரல் முதல், விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் நஷ்ட ஈட்டு மனுவைப் போட வேண்டும் என்று 166-வது பிரிவு கட்டாயப்படுத்துகிறது. பழைய சட்டத்தில் இருந்த கெடு இது. ஏழைகளுக்கு இடைஞ்சல் என்பதால் 1994-ல் நீக்கப்பட்டது. 28 ஆண்டுகள் கழித்து, தாமதத்தை மன்னிக்கும் அதிகாரம் கூட இல்லாமல் திரும்பி வந்திருக்கிறது. தொடை எலும்பு முறிந்தவர் ஆறு மாதத்தில் ஊன்றுகோலோடு எழுந்து நிற்பதே பெரிய காரியம். விபத்து நடந்தது தமிழ்நாட்டுப் போலீஸ் நிலையத்தில், வீடு கர்நாடகத்தில் என்றால், முதல் தகவல் அறிக்கையின் நகல் வாங்கவே இரண்டு மூன்று நடை நடக்க வேண்டும். கூலி வேலைக்காரர் எத்தனை நாள் சம்பளத்தை விட்டுக் கொடுப்பார்? இந்தக் கெடு செல்லுமா என்ற வழக்குகள் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயின. தாமதம் என்ற காரணத்துக்காக மட்டும் மனுக்களைத் தள்ளக் கூடாது என்று 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவு போடப்பட்டது. நல்ல உத்தரவு. ஆனாலும் அது இடைக்கால உத்தரவுதான். அதை நம்பி ஒரு நாள் கூடத் தாமதிக்கக் கூடாது.

வெளி மாநிலத்தில் வாழ்கிறவர்களுக்குச் சட்டம் ஒரு பெரிய வசதியும் செய்து கொடுத்திருக்கிறது. பலருக்கு அது தெரியாது. விபத்து எந்த ஊரில் நடந்ததோ அந்த ஊர் டிரிபியூனலில்தான் வழக்குப் போட வேண்டும் என்பது இல்லை. பாதிக்கப்பட்டவர் குடியிருக்கும் இடத்திலோ, தொழில் செய்யும் இடத்திலோ, எதிர்த் தரப்பினர் இருக்கும் இடத்திலோ போடலாம். தொப்பூரில் கால் போனவர், குடியிருப்பது சிவாஜி நகரிலோ ஸ்ரீராமபுரத்திலோ என்றால், பெங்களூர் ஸ்மால் காஸ் கோர்ட்டில் இயங்கும் டிரிபியூனலிலேயே மனுக் கொடுக்கலாம். வாய்தாவுக்கு வாய்தா பஸ் ஏற வேண்டியது இல்லை. ரேஷன் கார்டோ ஆதாரோ இன்னும் ஊர் விலாசத்தில் இருந்தால், இங்கே குடியிருப்பதைக் காட்ட வாடகைப் பத்திரம், காஸ் ரசீது, வேலை செய்யும் இடத்துச் சான்று ஆகியவற்றை எடுத்து வைத்துக் கொள்ள வேண்டும்.

2023-ல் இதே விஷயத்தில் ஒரு வழக்கு வந்தது. விபத்து நடந்தது மேற்கு வங்காளத்தில். மனுப் போட்டது உத்தரப்பிரதேசத்தில். சாட்சிகள் வங்காளத்தைச் சேர்ந்தவர்கள், அவர்களுக்கு மொழித் தொல்லை வரும், வழக்கை மாற்றுங்கள் என்று எதிர்த் தரப்பு கேட்டது. இடத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை நஷ்ட ஈடு கேட்பவருக்கு உண்டு என்று சொல்லி சுப்ரீம் கோர்ட்டு மறுத்து விட்டது. அதுவரை சரிதான். போகிற போக்கில், இந்தி தேசிய மொழி, ஆகவே சாட்சிகள் இந்தியில் பேசலாம் என்றும் சொல்லப்பட்டது. அரசியல் சட்டத்தின் 343-வது பிரிவு இந்தியை ஆட்சி மொழி என்றுதான் சொல்லுகிறதே தவிர தேசிய மொழி என்று சொல்லவில்லை. நஷ்ட ஈட்டு வழக்கில் இந்த உபதேசம் தேவை இல்லாத ஒன்று. இருந்தாலும் தீர்ப்பின் பலன் பெங்களூர்த் தமிழர்களுக்கும் உண்டு.

இறந்து போனவரின் மனைவி பெங்களூரில் இருப்பார், பெற்றோர் திருப்பத்தூரிலோ செய்யாறிலோ இருப்பார்கள். இரண்டு தரப்பும் பேசிக் கொள்ளாமல் இரண்டு இடத்தில் மனுப் போடுவது உண்டு. 2022 டிசம்பரில் வந்த சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பின்படி, வெவ்வேறு ஐகோர்ட்டுகளின் எல்லைக்குள் இப்படிப் போட்டால் முதலில் போட்ட மனுவே நிற்கும்; மற்றவை அந்த டிரிபியூனலுக்கு மாற்றப்படும். துக்க வீட்டில் பங்குச் சண்டை வந்தால் பணம் பாங்கியில் முடங்கிக் கிடக்கும். மாமியாரும் மருமகளும் ஒரே மனுவில் கையெழுத்துப் போடுவதே நல்லது.

காரில் பயணியாக வந்தவருக்குச் சட்டத்தில் தனிச் சலுகை என்றே சொல்லத்தக்க ஒன்று உண்டு. காரும் லாரியும் மோதினால், லாரிக்காரர் கார்க்காரரைக் காட்டுவார், கார்க்காரர் லாரிக்காரரைக் காட்டுவார். இந்தச் சண்டை பயணிக்கு வேண்டாத சண்டை. இரண்டு வண்டி மேலும் தவறு இருந்தால், பயணி இருவரில் எவரிடமும் முழுத் தொகையையும் கேட்டு வாங்கலாம். அவர்கள் பிறகு தங்களுக்குள் தீர்த்துக் கொள்ளட்டும் என்று 2015-ல் சுப்ரீம் கோர்ட்டு தெளிவாக்கி விட்டது. ஸ்டியரிங் பிடித்தவருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. அவருடைய பங்குத் தவறு அவர் தொகையில் கழிக்கப்படும். உட்கார்ந்து வந்தவர் எதைக் கழிப்பது?

இனி இன்சூரன்ஸ். இங்கேதான் ஏழைகள் அதிகம் ஏமாறுகிறார்கள். காருக்கு இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்பார்கள். எந்த இன்சூரன்ஸ் என்று கேட்பது இல்லை. சொந்த உபயோகக் காருக்குக் குறைந்த பிரீமியத்தில் மூன்றாம் நபர் பாலிசி மட்டும் எடுத்திருந்தால், அந்தக் காருக்குள் ஓசியில் வந்தவர் அதில் அடங்க மாட்டார் என்று கம்பெனிகள் வாதாடுகின்றன. மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வந்தவர் விஷயத்தில் 2006-ல் சுப்ரீம் கோர்ட்டும் கம்பெனி பக்கமே தீர்ப்புச் சொன்னது. முழுப் பாலிசி, அதாவது பேக்கேஜ் பாலிசி எடுத்திருந்தால் உள்ளே வந்தவர்களும் அடங்குவார்கள் என்று 2012-ல் தீர்ப்பு வந்தது. ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய், மாமனார் மாமியாரை ஏற்றிக் கொண்டு போகிற காரை வெறும் மூன்றாம் நபர் பாலிசியில் ஓட்டுவது எவ்வளவு பெரிய அபாயம் என்பதைக் கார் வைத்திருப்பவர்கள் யோசிக்க வேண்டும். கம்பெனி கைவிரித்தால் கார் சொந்தக்காரர்தான் முழுத் தொகைக்கும் பொறுப்பு.

வெள்ளை போர்டு கார் இன்னொரு தொல்லை. சொந்த உபயோகத்துக்கு என்று பதிவு செய்த காரை வாடகைக்கு ஓட்டுவார்கள். வழியில் மடக்கினால் "உறவுக்காரர்கள் என்று சொல்லி விடுங்கள்" என்று டிரைவர் முன்கூட்டியே சொல்லிக் கொடுப்பார். நூறு ரூபாய் குறைவு என்பதற்காக எல்லாரும் தலை ஆட்டுவார்கள். விபத்து நடந்தால் கம்பெனி பிடித்துக் கொள்வது இதைத்தான். பாலிசி நிபந்தனையை மீறி வாடகைக்கு ஓட்டினார்கள் என்று சொல்லி வழக்கை ஆண்டுக் கணக்கில் இழுக்கும். மஞ்சள் போர்டு டாக்சியில் கட்டணம் கொடுத்து வந்த பயணிக்கு இந்தத் தலைவலி இல்லை. டாக்சிப் பயணிக்கு இன்சூரன்ஸ் கட்டாயம் என்று 147-வது பிரிவே சொல்லுகிறது.

இன்னும் பரிதாபம் லோடு ஆட்டோவிலும் லாரியிலும் போகிறவர்கள் நிலை. கல்யாணத்துக்கும் காது குத்துக்கும் கட்டட வேலைக்கும் முப்பது பேர் சரக்கு வண்டியில் நின்று கொண்டு போகிறார்கள். சரக்கு வண்டியில் ஓசிப் பயணிக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பு இல்லை என்று 2002 டிசம்பரிலேயே தீர்ப்பு வந்து விட்டது. திருத்திய சட்டமும் அவர்களை ஒதுக்கியே வைத்திருக்கிறது. சரக்கு வண்டியில் ஏறுவது சட்ட விரோதம் என்று சொல்லி விடுவது எளிது. காலை ஐந்து மணிக்குச் சாரத்தில் நிற்க வேண்டியவருக்கு வேறு வண்டி எது என்று யாரும் சொல்வது இல்லை.

அடிபட்டவர் குடும்பம் உடனே கவனிக்க வேண்டியது ஆஸ்பத்திரிச் சீட்டு. "கீழே விழுந்து விட்டார்" என்று பதற்றத்தில் யாராவது சொன்னால் அப்படியே எழுதி விடுவார்கள். பிறகு கம்பெனி வக்கீல் அந்த ஒரு வரியை வைத்துக் கொண்டு வழக்கையே கவிழ்ப்பார். ரோடு விபத்து என்று சொல்லி, எம்.எல்.சி. பதிவு போடச் செய்ய வேண்டும். வண்டி நம்பரையும் சொல்ல வேண்டும். லைசென்ஸ் இல்லாத பையன் ஓட்டியதை மறைக்க அப்பா பெயரை எழுதுவது போன்ற வேலைகள் ஒரு நாளும் கூடாது. பொய் அவிழ்ந்தால் காயம் பட்டவரின் வழக்கும் சேர்ந்து போகும். லைசென்ஸ் இல்லாத சந்தர்ப்பத்திலும், கம்பெனி முதலில் பணத்தைக் கொடுத்து விட்டுச் சொந்தக்காரரிடம் வசூலித்துக் கொள்ளட்டும் என்று உத்தரவிட டிரிபியூனலுக்கு 2004-ம் ஆண்டுத் தீர்ப்பு வழி விட்டிருக்கிறது. ஆகவே பொய்க்கு அவசியமே இல்லை.

வைத்தியச் செலவுக்கு உடனடி உதவியும் உண்டு. தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்து நடந்தால், அடிபட்டவர் எந்த மாநிலத்தவர் ஆனாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு உதவும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியது. மத்திய அரசு 2025 மே மாதத்தில் கொண்டு வந்த திட்டத்தில், குறிப்பிட்ட ஆஸ்பத்திரிகளில் ஏழு நாள் வரை, ஆளுக்கு ரூ.1½ லட்சம் வரை காசு கட்டாமல் சிகிச்சை பெறலாம். சேர்க்கும்போதே இதைக் கேட்க வேண்டும். கேட்காதவருக்குத் தானாகக் கிடைத்ததாக இந்த நாட்டில் எந்தத் திட்டமும் இல்லை.

போலீசாருக்கும் கடமை வகுத்திருக்கிறார்கள். விபத்தைப் பற்றி 48 மணி நேரத்தில் முதல் அறிக்கை, 50 நாளில் இடைக்கால அறிக்கை, 90 நாளில் முழு அறிக்கை என்று டிரிபியூனலுக்கு அனுப்ப வேண்டும் என்பது 2022-ம் ஆண்டு விதி. அந்த முழு அறிக்கையையே நஷ்ட ஈட்டு மனுவாக டிரிபியூனல் எடுத்துக் கொள்ளலாம். பாதிக்கப்பட்டவருக்கு என்ன உரிமைகள் உண்டு என்று அச்சிட்ட படிவத்தை விபத்து நடந்த பத்து நாட்களுக்குள் போலீசாரே கொடுக்க வேண்டும். இந்தப் படிவத்தைக் கையில் வாங்கியதாகச் சொல்லுகிறவர்களைத் தேடித்தான் பார்க்க வேண்டும். வேறு ஊரில் வழக்குப் போடுவதாக இருந்தால், அதை விசாரணை அதிகாரிக்கு எழுத்தில் கொடுத்து விடுவது பின்னால் வரும் குழப்பத்தைத் தவிர்க்கும்.

வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் சட்ட உதவி மையத்துக்குப் போகலாம். பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும், ஊனமுற்றவர்களுக்கும் வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் தர 1987-ம் ஆண்டுச் சட்டம் ஏற்பாடு செய்திருக்கிறது. "ஒரு பைசா வேண்டாம், வருகிற பணத்தில் பாதி கொடுங்கள்" என்று ஆஸ்பத்திரி வாசலிலேயே வந்து நிற்கிற ஏஜெண்டுகளை நம்பக் கூடாது. கிடைக்கிற தொகையில் பங்கு பேசுவது வக்கீல் தொழில் விதிகளுக்கே விரோதம். லோக் அதாலத்தில் சமரசம் பேசும்போதும் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். அங்கே ஒப்புக் கொண்ட தொகை மீது அப்பீல் கிடையாது.

சிறு எலும்பு முறிவு, ஓட்டியவர் சொந்தக்காரர், சாட்சி இல்லை, ஆறு மாதத்தில் குணமாகி விடும் என்கிற நிலையில் 164-வது பிரிவுப் பணம் நல்ல பணம்தான். அலையாமல் வாங்கிக் கொள்ளலாம். கை கால் போனவரும், முதுகெலும்பில் அடிபட்டவரும், குடும்பத்தில் சம்பாதித்த ஒருவரை இழந்தவரும் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடக் கூடாது. டாக்டரின் ஊனச் சான்று வந்த பிறகு, வயதையும் வருமானத்தையும் வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்து விட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

மத்திய அரசு செய்ய வேண்டியதும் இருக்கிறது. 164-வது பிரிவின் ஒற்றைத் தொகையை எடுத்து விட்டு, ரயில்வேயில் இருப்பது போலக் காயத்துக்குத் தக்க அட்டவணை கொண்டு வர வேண்டும். ஆண்டு உயர்வைத் திரும்பச் சேர்க்க வேண்டும். ஆறு மாதக் கெடுவை நீக்க வேண்டும். குறைந்தது, தாமதத்தை மன்னிக்கும் அதிகாரத்தையாவது டிரிபியூனலுக்குத் தர வேண்டும். தப்புக் கேட்காத தொகையை முதலில் கொடுத்து மீதிக்கு வழக்காட விடும் பழைய முறைக்குத் திரும்புவதில் கம்பெனிகளுக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. கடைசியில் கழித்துக் கொண்டு கொடுக்கப் போகிறார்கள். வழக்கு முடியும் முன்பே இடைக்கால நிவாரணம் தரத் திட்டம் வகுக்க மத்திய அரசுக்கு 164-ஏ பிரிவு அதிகாரம் கொடுக்கிறது. கட்டிலில் கிடக்கிறவருக்கு அந்தப் பிரிவு உண்மையில் பயன்படும்படி செய்ய வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் பார்லிமெண்டு கூட வேண்டும். ஒரு காரியத்துக்கு அதுவும் வேண்டாம். உரிமைப் படிவத்தைக் கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டப் போலீசார் கன்னடத்திலும், பெங்களூர், அத்திப்பள்ளிப் போலீசார் தமிழிலும் அச்சடித்து வைத்து, அடிபட்டவர் படிக்கிற மொழியில் கொடுக்கலாம். இரண்டு மாநில போலீஸ் அதிகாரிகள் ஒரு நாள் உட்கார்ந்து பேசினால், அடுத்த பொங்கல் கூட்டம் ஓசூர் ரோட்டில் இறங்குவதற்குள் செய்து முடிக்கக் கூடிய வேலை.